மோர்னிங்டன் குடாநாட்டுக்குப் போகிறோம்: குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

நாவற்குடா ரீச்சர் | பெப்ரவரி 4

எல்லோருக்கும் வணக்கம். மார்ச் நடுவில் நானும் இவரும் மெல்பேணுக்கு மகளிடம் போகிறோம். மட்டக்களப்பு வெல்லாவெளியில் எங்கள் வயல் வெட்டு முடிந்த பிறகுதான் பயணம். நெல் விலைப்படாமல் இவர் வயல் வட்டையை விட்டு அசைய மாட்டார்.

பேத்தியைப் பார்க்கத்தான் போகிறோம், ஊர் சுற்ற அல்ல. ஆனால் மருமகன் மோர்னிங்டன் குடாநாடு என்ற இடத்துக்கு ஒருநாள் கூட்டிப்போக ஏற்பாடு செய்கிறாராம். கடலும் குன்றும் முந்திரிகைத் தோட்டமும் உள்ள இடம் என்று மகள் சொன்னாள். நான் கஜு காய்க்கிற மரமுந்திரிகை என்று நினைத்து, "அதைப் பார்க்க மெல்பேணுக்கு ஏன் மகள், வாகரைக்குப் போனால் போதாதா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்துவிட்டுப் படம் அனுப்பினாள். கம்பியில் படர்ந்த திராட்சைக் கொடிகள், பக்கத்தில் ஒரு நீள மேசை, மேசை நிறைய வைன் கிளாஸ்.

சிக்கல் இதுதான். இவர் குடியை விட்டு 9 வருடம் ஆகிறது. அதற்கு முன் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பது இங்கே வேண்டாம். மகளுக்கு எல்லாம் தெரியும். மருமகனுக்குத் தெரியாது, கலியாணம் பேசும்போது நாங்கள் சொல்லவில்லை. பாவம், அவர் ஆசையாகச் செய்கிற ஏற்பாடு. இப்போது "வேண்டாம்" என்றால் ஏன் என்று கேட்பார்.

அந்த இடத்தில் குடிக்காதவர்களுக்கு ஏதாவது உண்டா? இல்லை, வேறு பக்கம் போவோம் என்று மகளிடம் சொல்லிவிடவா? போனவர்கள் சொல்லுங்கள்.

கல்லடிக் காற்று | பெப்ரவரி 4

ரீச்சர், குறை நினைக்காதீர்கள். கடல் பார்க்க நாவற்குடாவிலிருந்து ஆள் மெல்பேண் போவதா? வீட்டிலிருந்து கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. இந்தக் குடாநாடு, வைன் எல்லாம் படம் பிடித்துப் போடுகிறவர்களுக்கான இடம். பெயரை எப்படி மாற்றினாலும் அது கள்ளுத் தவறணைதான். நம்மூரில் தவறணைக்கு முன்னால் சைக்கிள் நிற்கும், அங்கே கார் நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

மெல்பேண் மச்சான் | பெப்ரவரி 5

கல்லடித் தம்பி, நீங்கள் போகவில்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது. நான் களுவாஞ்சிகுடி. 14 வருடமாக இங்கே. ஊரிலிருந்து வருகிறவர்களை அந்தப் பக்கம் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் எனக்கு வழி மனப்பாடம். குடிப்பதில்லை. கொள்கை எல்லாம் இல்லை, எப்போதும் நான்தான் டிரைவர். இங்கே இரத்தத்தில் மதுசாரம் 0.05 வீதமோ அதற்கு மேலோ இருந்தால் லைசன்ஸ் போய்விடும். புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்களுக்கு 0 தான். அதனால் ஒவ்வொரு வைன் தோட்டத்திலும் குடிக்காத ஆள் ஒருவர் நிற்பார், யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. ரீச்சர் முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

இடத்தை விளங்கிக்கொள்ள நம் ஊரையே வைத்துப் பாருங்கள். எழுவான்கரை எப்படி? ஒரு பக்கம் அமைதியான வாவி, மறுபக்கம் சீறுகிற கடல், நடுவில் நாம். இதுவும் அப்படித்தான், அளவுதான் பெரிது. மெல்பேணுக்குத் தெற்கே காரில் 1 மணி நேரம். உள்பக்கம் போர்ட் பிலிப் குடா, குளம் மாதிரி. கிழக்கே வெஸ்டர்ன் போர்ட் என்று இன்னொரு குடா. தெற்கே பாஸ் நீரிணை, அதற்கு அப்பால் தஸ்மேனியா. சொரெண்டோ, போர்ட்சி போன்ற ஊர்களில் ஒரே தெருவின் இரண்டு முனையிலும் கடல் இருக்கும். உள்பக்கத்தை முன்கடற்கரை என்பார்கள், வெளிப்பக்கத்தைப் பின்கடற்கரை என்பார்கள். முன்கடற்கரையில் பேத்தியைக் காலை நனைக்க விடலாம். பின்கடற்கரையில் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. 1967 டிசம்பர் 17ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் பிரதமர் ஹரோல்ட் ஹோல்ட் அங்கே செவியட் கடற்கரையில் குளிக்க இறங்கினார். உடல்கூடக் கிடைக்கவில்லை. ஒரு நாட்டின் பிரதமரையே விழுங்கிய கடல் அது.

தோட்டங்கள் கரையில் இல்லை. நடுவே ரெட் ஹில், மெயின் ரிட்ஜ் என்று மேட்டு நிலம் இருக்கிறது, அங்கேதான். பெயருக்கேற்ற செம்மண். இப்போதைய வைன் தொழில் ரொம்பப் பழையதல்ல. 1972இல் எல்ஜி பார்க், 1975இல் மெயின் ரிட்ஜ் என்று தொடங்கியது. அதற்கு முன் அதெல்லாம் அப்பிளும் செரியும் மாடும்தான். இப்போது வைன் ருசி பார்க்கும் இடங்களே 50க்கு மேல். அங்கே ராஜா பினோ நுவார் என்ற கறுப்பு முந்திரிகை. தோல் மெல்லியது, சூடு தாங்காது, பிள்ளையை வளர்ப்பது போல வளர்க்க வேண்டும். மூன்று பக்கமும் கடல் இருப்பதால் கோடையிலும் கொதிக்காது, குளிரிலும் பனி உறைந்து கொடியைக் கொல்வது குறைவு. அதனால்தான் அந்த இனம் அங்கே பிடித்தது.

நீங்கள் போகிற மார்ச் மாதம் அறுவடைக் காலம். ஊரில் வெட்டை முடித்துவிட்டு வருகிற உங்கள் மனிசனுக்கு அங்கே இன்னொரு வெட்டு. வயல்காரர் என்றால் அவருக்கு அது பிடிக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிந்தவூர்க் காக்கா | பெப்ரவரி 5

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். போன வருடம் மகன் வீட்டுக்குப் போனபோது நாங்களும் அந்தப் பக்கம் போனோம். நானும் மனைவியும் இரண்டு பேரப்பிள்ளைகளும். நாங்கள் ஒரு வைன் தோட்டத்துக்குள்ளும் போகவில்லை, ஆனால் நாள் போதவில்லை.

காலையில் ஸ்ட்ரோபெரித் தோட்டம். மெயின் ரிட்ஜ் பக்கம், நாமே கூடையோடு போய்ப் பறிக்கலாம். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை பழம் இருக்கும். பேரன் கூடைக்குப் போட்டதைவிட வாய்க்குப் போட்டது அதிகம். அப்புறம் ஆர்தர்ஸ் சீட் என்ற குன்று, 300 மீற்றருக்கு மேல் உயரம். ஏறத் தேவையில்லை, கேபிள் கார் இருக்கிறது, 2016 கடைசியில் திறந்தது. அதில் போகும்போது குடா முழுவதும் காலடியில். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் மெல்பேண் கட்டடங்கள் தீக்குச்சி நட்டது போலத் தெரியும். என் மனைவி பாதி வழி கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார், அது வேறு கதை.

ரீச்சருக்கு ஒரு விஷயம் கவனமாகச் சொல்கிறேன். குடிக்காமல் இருப்பது லேசு, சாப்பாட்டில்தான் பார்க்க வேண்டும். அங்கே இறைச்சிக் குழம்பில் வைன் ஊற்றுவார்கள், கேக்கில் ஊற்றுவார்கள், பழத்தை அதிலேயே வேகவைப்பார்கள். மெனுவில் எழுதியிருக்கும் என்று நம்பவேண்டாம். வாயைத் திறந்து கேளுங்கள். நாங்கள் ஹலாலுக்காகக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், வெட்கம் பார்ப்பதில்லை. கடைசியில் சொரெண்டோவில் மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாங்கிப் புல்லில் இருந்து சாப்பிட்டோம். அந்த நாளிலேயே நல்ல சாப்பாடு அதுதான். ஆனால் கடற்காகங்களுக்குப் பங்கு கொடுக்காமல் தப்ப முடியாது.

தாண்டவன்வெளித் தாதி | பெப்ரவரி 6

எல்லோரும் இடத்தைப் பற்றிச் சொல்கிறார்கள், நான் மற்றதைச் சொல்கிறேன். 22 வருடம் வார்டில் வேலை செய்தவள்.

ரீச்சர், 9 வருடம் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் ஒன்று: நீங்கள் இங்கே எங்களைக் கேட்கிறீர்கள், மகளைக் கேட்கிறீர்கள். அவரைக் கேட்டீர்களா? குடியை விட்டவர்கள் தங்கள் எல்லையைத் தாங்களே அறிவார்கள். சிலர் கலியாண வீட்டில் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்து சோடா குடித்துவிட்டு வருவார்கள். சிலருக்கு வாசனையே போதும். அவர் எந்த வகை என்று அவர்தான் சொல்ல முடியும். அவருக்குத் தெரியாமல் நீங்களும் மகளும் திட்டத்தை மாற்றினால், "இன்னும் என்னை நம்பவில்லை" என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று. அங்கே "மதுசாரம் இல்லாத வைன்" என்று விற்பார்கள், யாராவது நல்ல மனதோடு வாங்கித் தருவார்கள். விட்டவர்களுக்கு அது தேவையில்லாத வேலை. அதே நிறம், அதே மணம், அதே கிளாஸ். பழச்சாறோ தேநீரோ போதும்.

கல்லடிக் காற்று | பெப்ரவரி 6

தாதி அக்கா சொன்னது சரி. நான் முதல் பதிவைச் சும்மா பகிடியாகத்தான் போட்டேன், ரீச்சரின் கஷ்டத்தைப் பார்த்து அல்ல. மன்னிக்கவும்.

ஆனாலும் மெல்பேண் மச்சானிடம் ஒரு கேள்வி. 50 இடம் என்கிறீர்கள். எல்லாவற்றிலும் என்னதான் செய்வார்கள்? முந்திரிகையைப் பிழிந்து போத்தலில் அடைப்பதில் பார்க்க என்ன இருக்கிறது?

மெல்பேண் மச்சான் | பெப்ரவரி 7

கள்ளு இறக்குவதில் பார்க்க என்ன இருக்கிறது என்று வெள்ளைக்காரன் கேட்டால் என்ன சொல்வீர்கள் தம்பி?

சரி, சொல்கிறேன். மேசையில் ஐந்தாறு கிளாஸ் வைப்பார்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 30 மில்லிலீட்டர். இது கீழ்ப் பள்ளத்துக் கொடி, இது மேட்டுக் கொடி என்று விளக்கம் வரும். பத்துக் கிலோமீற்றருக்குள் மண் மாறுகிறது, மூருடுக் பக்கம் தாழ்ந்த நிலத்தில் பழம் முன்னதாகப் பழுக்கும், ரெட் ஹில்லில் வாரக்கணக்கில் பிந்தும். நம்மூரில் வட்டைக்கு வட்டை நெல்லின் ருசி மாறுகிறது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் கதைதான். பக்கத்தில் ஒரு பாத்திரம் இருக்கும். ருசி பார்த்துத் துப்புவதற்கு. துப்பினால் மரியாதைக் குறைவு இல்லை, தொழில்காரர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்வார்கள். என் மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "காசு கொடுத்து வாங்கித் துப்புகிறார்களே, இதற்கு வெற்றிலை போடலாம்" என்றார்.

எனக்குச் சுவையாக இருந்த ஒன்று: கறுப்பு முந்திரிகையின் சாறு கறுப்பல்ல. உள்ளே வெள்ளைதான். தோலோடு ஊறவிட்டால் நிறம் இறங்கும், உடனே பிரித்தால் இறங்காது. சிவப்பு வைனின் நிறம் முழுக்கத் தோலிலிருந்து வருவது.

வைன் வேண்டாம் என்றால் சில தோட்டங்களில் பெரிய சிற்பங்களைப் புல்வெளியில் நிறுத்தியிருக்கிறார்கள், அதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். கேப் ஷாங்கில் 1859இல் கட்டிய சுண்ணாம்புக்கல் வெளிச்சவீடு இருக்கிறது. நம் பாலமீன்மடு வெளிச்சவீடு 1913. அதைவிட அரை நூற்றாண்டு மூத்தது. கீழே கறுப்புப் பாறைவரை மரப்படிப் பாதை இறங்குகிறது. இறங்குவது சுகம், ஏறும்போது முழங்கால் பேசும். ஃபிங்கலில் வெந்நீர்க் குளியல் இடம் 2005இல் திறந்தது. நிலத்துக்குக் கீழே 637 மீற்றர் ஆழத்திலிருந்து 54 பாகை சூட்டில் தண்ணீர் வருகிறது. முன்பே இடம் பதிய வேண்டும்.

நாவற்குடா ரீச்சர் | பெப்ரவரி 7

எல்லோருக்கும் நன்றி. காக்காவின் எச்சரிக்கையைக் குறித்து வைத்துக்கொண்டேன். தாதித் தங்கச்சி சொன்னதை நினைத்து நேற்று இரவு நித்திரை இல்லை. உண்மைதான், நான் இவரைக் கேட்கவில்லை.

வெந்நீர்க் குளியல் எங்களுக்குச் சரிவராது மகன். மகா ஓயா வெந்நீர் ஊற்றில் சேலையோடு வாளியால் ஊற்றிக் குளித்தவள் நான். அங்கே ஆணும் பெண்ணும் ஒன்றாக நீச்சல் உடையில் இருப்பார்கள் என்று மகள் சொன்னாள்.

நிந்தவூர்க் காக்கா | பெப்ரவரி 7

ரீச்சர், உடல் முழுக்க மூடும் நீச்சல் உடை போடலாம், என் மருமகள் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். ஆனால் மனம் ஒப்பவில்லை என்றால் விடுங்கள். அந்தக் காசுக்கு மகா ஓயாவுக்கு வான் பிடித்து ஊரையே கூட்டிப்போகலாம்.

பாசிக்குடா வழிகாட்டி | பெப்ரவரி 9

கொஞ்சம் திசை மாறுகிறேன். மெல்பேண் மச்சான் எழுதியதைப் படித்தபோது வயிறு எரிந்தது. அப்பிளும் மாடும் இருந்த நிலம், ஐம்பது வருடத்தில் உலகத்தைக் கூப்பிடுகிறது. நம்மிடம் என்ன குறை? பாசிக்குடாவில் வெளிநாட்டுக்காரர் இறங்குகிறார், ஹொட்டலில் இருக்கிறார், கடலில் குளிக்கிறார், திரும்புகிறார். பக்கத்து மரமுந்திரிகைத் தோப்பை யாரும் அவருக்குக் காட்டவில்லை. பழத்தின் அடியில் கொட்டை தொங்குவதைப் பார்த்தால் அரை மணி நேரம் படம் எடுப்பார். மட்டக்களப்புத் தயிர் என்று கொழும்பில் பெயர் சொல்லி விற்கிறார்கள், எருமைப் பட்டியையும் சட்டியில் உறைவதையும் காட்ட ஒரு இடம் இல்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் வாடியில் ஒருநாள் இருந்து, காவல் பரணில் ஏறி வட்டையைப் பார்த்து, மத்தியானம் மண்சட்டியில் மீன்குழம்பு. இது விற்காதா?

கல்லடிக் காற்று | பெப்ரவரி 9

இரவில் பரணில் இருந்தால் யானையும் இலவசம்.

பாசிக்குடா வழிகாட்டி | பெப்ரவரி 9

பகிடியில்லை தம்பி. யானைக்குப் பயந்து ஊரே விழித்திருக்கிற இடத்தில் வெளிநாட்டுக்காரரைப் படுக்க வைக்க முடியாது என்பதும் தெரியும். பகலில் காட்டலாம் என்கிறேன்.

மெல்பேண் மச்சான் | பெப்ரவரி 10

வழிகாட்டி அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் ஒரு பக்கம்தான். அங்கே ரோட்டு இருக்கிறது, பக்கத்தில் 50 இலட்சம் சனம் வாழும் நகரம் இருக்கிறது, சனி ஞாயிறானால் அவர்களே வந்து நிரப்புகிறார்கள். வெளிநாட்டுக்காரர் பிறகுதான். நம் ஆட்களே கொக்கட்டிச்சோலைக்கும் தாந்தாமலைக்கும் திருவிழாவுக்கு மட்டும்தானே போகிறோம்? எழுவான்கரைப் பிள்ளைகளில் எத்தனை பேர் படுவான்கரை வயலுக்குள் இறங்கியிருக்கிறார்கள்? முதலில் நாம் போகவேண்டும்.

அந்தக் குடாநாட்டிலும் எல்லாம் அழகான கதை இல்லை. அது பூனுராங் மக்களின் நிலம். 1803இல் டேவிட் கொலின்ஸ் என்ற அதிகாரி குற்றவாளிகளைக் கப்பலில் ஏற்றிவந்து சொரெண்டோவில் குடியேற்றிப் பார்த்தான். நல்ல தண்ணீர் இல்லை, மணலில் பீப்பாயைப் புதைத்து ஊறுகிற தண்ணீரை எடுத்தார்கள். சில மாதத்தில் விட்டுவிட்டு தஸ்மேனியாவுக்குப் போய்விட்டார்கள். தப்பி ஓடிய வில்லியம் பக்லி என்ற ஒருவன் 32 வருடம் ஆதிவாசிகளோடு வாழ்ந்தான்.

குடாநாட்டின் நுனியில் பொயின்ட் நெப்பியன். 1852இல் டைபஸ் காய்ச்சலோடு டைக்கண்டரோகா என்ற கப்பல் வந்தது, அதிலிருந்தவர்களை அங்கே இறக்கித் தனிமைப்படுத்தினார்கள். பிறகு அங்கே கட்டிய கட்டடங்களில் 1999இல் கொசோவோ அகதிகள் இருந்திருக்கிறார்கள். நான் முதல்தடவை போனபோது அந்த வரிசை வீடுகளைப் பார்த்ததும் எனக்கு முகாம்தான் ஞாபகம் வந்தது. 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்தவர்கள். வெள்ளைக்காரச் சனம் அங்கே சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொஞ்ச நேரம் காரில் இருந்துவிட்டு வந்தேன்.

திருக்கோவில் தம்பி | பெப்ரவரி 11

கார் இல்லாமல் போகலாமா? நான் படிக்க வந்திருக்கிறேன், லைசன்ஸ் இல்லை.

மெல்பேண் மச்சான் | பெப்ரவரி 11

பிராங்ஸ்டன்வரை ரயில். அங்கிருந்து போர்ட்சிக்கு 788ஆம் இலக்க பஸ், குடாக்கரை ஓரமாகவே போகும். கரை ஊர்கள் எல்லாம் அதில் பார்க்கலாம். ரெட் ஹில் மேட்டுக்குப் பஸ்ஸை நம்ப வேண்டாம், யாராவது நண்பனைப் பிடியுங்கள். சொரெண்டோவிலிருந்து எதிர்க்கரை குவீன்ஸ்கிளிஃபுக்கு 40 நிமிடத்தில் கப்பல் உண்டு, காரையும் ஏற்றும். குருமண்வெளியில் வாவி கடக்கும் மிதவைப் பாதையில் மோட்டார்சைக்கிளை ஏற்றிக்கொண்டு மண்டூருக்குப் போன ஞாபகம் வரும். டொல்பின் வந்தால் அதிர்ஷ்டம்.

நாவற்குடா ரீச்சர் | மார்ச் 9

நாளன்றைக்கு விமானம். இவரிடம் பேசிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் போகிறது தோட்டம் பார்க்க. நீ ஏன் பயப்படுகிறாய்?" என்றார். அவ்வளவுதான். பிறகு, அங்கே ஏக்கருக்கு எத்தனை கொடி நடுவார்கள் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

மருமகனுக்குச் சொல்வதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

தாண்டவன்வெளித் தாதி | மார்ச் 9

நல்லபடி போய்வாருங்கள். மேலங்கி ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் உள்ள சாப்பாட்டுச் சாமான்களை அவுஸ்திரேலியா விமான நிலைய அட்டையில் ஒளிக்காமல் எழுதுங்கள். கருவாட்டுக்காகத் தண்டம் கட்டிய ஆளை எனக்குத் தெரியும்.

நாவற்குடா ரீச்சர் | ஏப்ரல் 5

போய் வந்தோம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் புறப்படும்போது வெயில். கேப் ஷாங்க் போய்ச் சேரும்போது காற்று மூஞ்சியில் அறைகிறது. பேத்தியின் தொப்பி பறந்து வேலிக்கு அப்பால் போய்விட்டது. நானும் மகளும் தள்ளுவண்டியோடு மேலேயே நின்றுவிட்டோம். இவரும் மருமகனும் மரப்படியில் கீழே போனார்கள். மேலே இருந்து பார்த்தால் கறுப்புப் பாறையும் வெள்ளை நுரையும், நடுவில் இரண்டு சின்ன உருவங்கள். அரை மணி நேரம் ஆகியும் ஏறி வரவில்லை. ஒரு இடத்தில் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். இவர் கையை அசைத்து ஏதோ சொல்வது தெரிந்தது, காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. வந்தபோது மருமகன் இவருடைய கையைப் பிடித்துக் கடைசிப் படிகளை ஏற்றினார். முழங்காலுக்காக என்று நினைத்தேன்.

அப்புறம் ரெட் ஹில். மெல்பேண் மச்சான் சொன்னது சரி. கொடிகளுக்கு மேல் வெள்ளை வலை போர்த்தி இருந்தது, தூரத்திலிருந்து பார்த்தால் மேடு முழுவதும் நுளம்பு வலை கட்டியது போல. இவருக்குப் பொறுக்க முடியவில்லை. வைன் மேசைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை, நேரே வரிசைக்குப் போய்க் குந்தி மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தார். அங்கே வேலை செய்த ஒருவர் வந்தார், ஏசப்போகிறார் என்று நான் பயந்தேன். அவரும் குந்திவிட்டார். மருமகன் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். வலை எதற்கு? பறவைக்கு. என்ன பறவை? ஸ்டார்லிங் என்ற ஒன்று, மைனாவுக்குச் சொந்தம். நம்முடைய மைனாவும் அங்கே உண்டாம், முன்னொரு காலத்தில் கப்பலில் கொண்டுபோய் விட்டதாம். "நெல்லுக்கும் அதுதான், இங்கேயும் அதுதானா?" என்று இவர் சிரித்தார். தண்ணீர் சொட்டு சொட்டாகக் குழாயில் போகிறது. கங்காரு வந்து தளிரைத் தின்னுமா என்று கேட்டார், வேலியைக் காட்டினார்கள். நம் யானைக் கதையை இவர் சொல்ல, அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டார். குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிக் கொடி செத்தது போல் நிற்குமாம், அப்போதுதான் கவ்வாத்து. பழைய கிளையில் இரண்டு கணு விட்டு எப்படி வெட்டுவது என்று கத்தரிக்கோலாலேயே காட்டினார். ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தார். சின்னக் குண்டுமணி போல, விதைதான் பாதி, ஆனால் என்ன இனிப்பு!

சாப்பாட்டு இடத்தில்தான் ஒரு பிழை நடந்தது. மதுசாரம் எதிலும் வேண்டாம் என்று மகள் பதியும்போதே சொல்லியிருந்தாள். அங்கேயும் ஒருதடவை சொன்னோம். ஆனாலும் கடைசியில் இவருக்கு வந்த இனிப்புத் தட்டில் சிவப்பாக ஒரு பெயார்ஸ் பழம். நான் கவனிக்கவில்லை. இவர் கரண்டியை எடுத்தார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார், நிறுத்தினார். என் நெஞ்சு நின்றுவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன் மருமகன் தட்டைத் தன் பக்கம் இழுத்து, தன்னுடைய ஐஸ்கிரீமை மாமாவின் முன் தள்ளிவிட்டுப் பேத்தியோடு பேசுவதுபோலத் திரும்பிக்கொண்டார். ஒரு சொல் பேசவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, பாறைக்குக் கீழே இவர் எதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று.

நம்மூரில் மருமகன்தான் மாமி வீட்டுக்கு வந்து குடியிருப்பார், வந்த பிள்ளையை நாம் பார்த்துக்கொள்வோம். அங்கே நாங்கள் அவர் வீட்டுக்குப் போனவர்கள்.

வீடு வரும்வரை இவர் காரில் நித்திரை.

நிந்தவூர்க் காக்கா | ஏப்ரல் 5

மாஷா அல்லாஹ். நல்ல பிள்ளை கிடைத்திருக்கிறார் ரீச்சர். அந்தப் பெயார்ஸை நான் முன்பே சொன்னேனா இல்லையா?

நாவற்குடா ரீச்சர் | ஏப்ரல் 5

சொன்னீர்கள் காக்கா. அதனால்தான் இரண்டுமுறை கேட்டோம்.

கல்லடிக் காற்று | ஏப்ரல் 6

ரீச்சர், தவறணை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கடல் நம்முடையதுதான் திறம் என்பதில் மாற்றமில்லை.

நாவற்குடா ரீச்சர் | ஏப்ரல் 6

அதில் நானும் உங்கள் பக்கம். அவர்கள் தண்ணீர் ஐஸ், கால் வைத்து எடுத்துவிட்டேன்.

இப்போது புதுப் பிரச்சினை. அங்கிருந்து கொடித்துண்டு கொண்டுவர முடியாது என்று மருமகன் சொல்லி மறித்துவிட்டார். வந்த மறுநாளே இவர் கிணற்றடியில் நான்கு கொங்கிறீற் தூண் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் பந்தலில் முந்திரிகை காய்க்கிறதே, நமக்கு மட்டும் ஏன் காய்க்காது என்கிறார். எங்கள் மணலில் வருமா? கன்று எங்கே வாங்கலாம்?

பாசிக்குடா வழிகாட்டி | ஏப்ரல் 7

யாழ்ப்பாணத்தில் பந்தல் வைத்திருக்கிற யாரிடமாவது துண்டு கேட்டு வாங்குங்கள், கடைக் கன்று வேண்டாம். குழியில் நிறைய மாட்டெரு போடுங்கள், தண்ணீர் தேங்கக்கூடாது. ஆனால் ஒன்று ரீச்சர், நம்மூரில் குளிர்காலம் இல்லை, கொடி தானாக நித்திரைக்குப் போகாது. கவ்வாத்துப் பண்ணினால்தான் பூக்கும், இல்லாவிட்டால் இலைதான் கிடைக்கும். மாமா அங்கே பார்த்த வெட்டை மறக்காமல் இருக்கிறாரா?

நாவற்குடா ரீச்சர் | ஏப்ரல் 7

இரண்டு கணு விட்டு வெட்டவேண்டும் என்று நேற்று முருங்கையில் செய்து காட்டினார். முருங்கை இப்போது மொட்டை.